எஸ்தோனியக் கறுப்பு ரொட்டி: இரண்டாம் சுற்று

எஸ்தோனியாவின் தார்த்து நகரில் எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி ஒரு ஜாம் பாட்டிலில் பாதியளவு புளித்த ரை மாவு (ரை என்பது கோதுமை போன்ற ஒரு தானியம்) கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. மேலே லேசாக உப்பு தூவியிருந்தது. இந்தப் புளித்த மாவை 'யூரெடிஸ்' என்கிறார்கள். தயிருக்கு உறை எடுத்து வைப்பது போல, ஒவ்வொரு முறையும் ஒரு கை மாவை அடுத்த ரொட்டிக்காக எடுத்து வைக்க வேண்டும். முன்பெல்லாம் மாவு பிசையும் மரத்தொட்டியைக் கழுவவே மாட்டார்களாம். ஓரத்தில் ஒட்டியிருப்பதே அடுத்த மாவைப் புளிக்க வைத்துவிடும்.

முதல் ரொட்டியில் அவசரப்பட்டேன். ஐந்து மணி நேரத்திலேயே அடுப்பில் வைத்து, சூடு ஆறுவதற்குள் வெட்டியும்விட்டேன். மேலே நல்ல ஓடு, உள்ளே களி. கத்தியில் பசை மாதிரி ஒட்டியது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. ரை மாவில் கோதுமை மாவின் இழுவை வராது. ரொட்டியைத் தாங்கி நிற்பது மாவுச்சத்தும் ஒருவகைப் பிசினும்தான். ரையில் இருக்கும் நொதிகள் அடுப்புச் சூட்டில் அந்த மாவுச்சத்தை உடைத்துவிடும். மாவு நன்றாகப் புளித்திருந்தால்தான் அவை அடங்கும். ஆக, புளிப்பு ருசிக்கு மட்டும் இல்லை, ரொட்டி நிற்பதே அதனால்தான்.

அந்த ரொட்டியை எறிய மனம் வரவில்லை. இங்கே கீழே விழுந்த ரொட்டித் துண்டைக்கூட எடுத்து முத்தமிடும் வழக்கம் உண்டு. 'லெய்ப்' என்றால் கறுப்பு ரொட்டி. பிழைப்பும் அதுவே, நம் 'சோறு' மாதிரி. துண்டு போட்டு அடுப்பில் காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து வேகவிட்டு, வடிகட்டி, சர்க்கரை, பட்டை, உலர்திராட்சை சேர்த்து 'லெய்வசுப்' செய்தேன். ஆறவைத்து, அடித்த கிரீமுடன் சாப்பிடும் இனிப்பு இது. அருமையாக வந்தது.

சரி, இரண்டாவது சுற்று. சனிக்கிழமை இரவு 150 கிராம் யூரெடிஸ், 400 கிராம் ரை மாவு, 600 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். சமையலறை 19 டிகிரிதான், அதனால் போர்வை சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். காலையில் மூடியைத் திறந்ததும் புளித்த ஆப்பிள் வாசனை. மேலெல்லாம் சிறு குழிகள். அடுத்த முறைக்கு ஒரு கை எடுத்து பாட்டிலில் போட்டுவிட்டு, மீதியில் இன்னும் 350 கிராம் மாவு, 15 கிராம் உப்பு, ஒரு கரண்டி தேன், இரண்டு கரண்டி மால்ட் (முளைகட்டிய தானிய) பொடி, சீரகச் சாயலில் இருக்கும் கேரவே விதை கொஞ்சம். பிசைய வேண்டாம், மரக்கரண்டியால் கிளறினால் போதும். ஈரக்கையால் ரொட்டி சுடும் தகர அச்சில் அழுத்தி, மூன்று மணி நேரம் எழும்ப விட்டேன். 250 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 190-இல் ஒரு மணி நேரம்.

வெந்ததும் துணியில் சுற்றி வைத்தேன். மறுநாள் மாலை வரை தொடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

வெட்டினால் கத்தி சுத்தமாக வந்தது. கரும்பழுப்பு நிறம், நெருக்கமான துளைகள், அழுத்தினால் திரும்பி எழுகிறது. வெண்ணெய் தடவி, மேலே உப்பிட்ட கிலு மீனும் அவித்த முட்டைத் துண்டும் வைத்து, கால்வாசி ரொட்டியைப் பாட்டிக்குக் கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்து, "யாட்கு லெய்பா" என்றார். ரொட்டி குறையாதிருக்கட்டும் என்று பொருள். சாப்பாட்டு நேரத்தில் சொல்வது. அப்புறம், விதை இன்னும் கொஞ்சம் கூடலாம் என்றார். அடுத்த சனிக்கிழமை கூட்டிப் பார்க்கிறேன்.