பூட்டியின் பெயர்

எங்கள் மகளுக்கு என் அம்மம்மாவின் பெயரையே வைத்திருக்கிறோம். 31ஆம் நாள், பிறப்புத் தீட்டான துடக்கைக் கழித்த பின்னர், கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் தொடர்மாடி வீட்டின் முன்னறையில், உறவினர்கள் சூழ்ந்திருக்க, என் கணவர் பிள்ளையின் காதில் மூன்று முறை 'தையல்நாயகி' என்று சொன்னார். அறை ஒரு கணம் அமைதியானது. பிறகுதான் வாழ்த்தினார்கள். அன்றிரவு கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசிய சித்தி, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் தையல் மெஷின் என்று கூப்பிடப் போகிறார்கள் என்று உண்மையான கவலையோடு சொன்னார். அந்தக் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. அதற்கு விடை தேடியதில்தான் இந்தப் பெயர் எனக்கு முழுமையாகப் பிடிபட்டது.

தையல் என்ற சொல்லுக்கு இன்று ஊசியும் நூலும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அழகு, ஒப்பனை, பெண் ஆகிய பொருள்களும் அதற்கு உண்டு. தேவாரத்தில் உமையைக் குறிக்கும் இடங்களில் இச்சொல் இயல்பாக வருகிறது. ஆத்திசூடியில் 'தையல்சொல் கேளேல்' என்று படித்தவர்களுக்கும் தையல் என்றால் பெண் என்பது தெரிந்திருக்கும். அந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை, என் மகளுக்குக் கற்பிக்கவும் மாட்டேன், ஆனால் சொல்லின் பொருளுக்கு அது நல்ல சாட்சி. தையல்நாயகி என்பது நோய் தீர்க்கும் வைத்தீஸ்வரனுடன் உறையும் அம்பாளின் பெயர். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் வைத்தீஸ்வரன் கோயிலை அண்டி வாழ்ந்த எங்கள் குடும்பத்தில், அந்தப் பெயரை ஒரு பெண்பிள்ளைக்கு வைப்பதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்காது. ஊரார் அம்மம்மாவைத் தையலாச்சி என்றே அழைத்தார்கள்.

பிள்ளை பிறப்பதற்கு முன் நாங்கள் எழுதி வைத்திருந்த பட்டியலில் வேறு பெயர்கள்தான் இருந்தன: ஷகரமும் க்ஷகரமும் கலந்த, கேட்க இனிமையான, ஆனால் என்ன பொருள் என்று கேட்டால் இணையத்தில் தேட வேண்டிய பெயர்கள். பிறந்த 42 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால், மாதிரிக்காக என்னுடைய பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்து விரித்தேன். அதில் தந்தையின் பெயர் இருக்கிறது, தாயின் பெயர் இருக்கிறது, பாட்டனாரின் முழுப்பெயரும் அவர் பிறந்த ஆண்டும் இடமும் இருக்கின்றன. பாட்டியின் பெயரை எழுதுவதற்கு ஓர் இடமும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ விண்ணப்பங்களோடு அந்தத் தாளைப் பிரதியெடுத்துக் கொடுத்திருக்கிறேன். அன்றுதான் அது என் கண்ணில் பட்டது.

அம்மம்மாவின் பெயர் எழுதப்பட்டிருந்த தாள் ஒன்று மட்டும் எங்களிடம் இருக்கிறது. அது அவருடைய சீதன உறுதி, அதாவது சீதனக் காணிக்கான பத்திரம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி பெண்ணுக்குக் கொடுத்த காணி பெண்ணின் பெயரில்தான் எழுதப்படும் என்பதால், நொத்தாரிசு எழுதிய அந்த உறுதியில் 'எமது மகள் தையல்நாயகி' என்று மூன்று இடங்களில் வருகிறது. 1995 ஒக்டோபரில் போரினால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது அம்மம்மா உடுபுடவைகளை விட்டுவிட்டு, உறுதிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு நடந்தார். மடிப்புகளில் கிழிந்து, பழுப்பேறி, ஒரு மூலையில் ஈரக்கறையோடு இருக்கும் அந்தத் தாளின் அடியில் அவருடைய கையொப்பம் உள்ளது. கடைசி 'கி'யின் மேல்விலங்கு நீண்டு வளைந்து, பெயர் முழுவதற்கும் கூரை போட்டதுபோல் நிற்கிறது. அந்த இரண்டு பரப்புக் காணி இப்போது எங்களிடம் இல்லை. அதை விற்றபோது, வெவ்வேறு பத்திரங்களில் தையல்நாயகி, தைலநாயகி, தயல்நாயகம் என்று எழுதப்பட்டிருந்த மூவரும் ஒருவரே என்று அம்மம்மா சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க நேர்ந்தது. தன் பெயர் தன்னுடையதுதான் என்று ஒரு பெண் எண்பது வயதில் சத்தியம் செய்ய வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கசக்கிறது. ஆகவே மகளின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்பதை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொண்டுபோய், பதிவாளர் எழுதியதை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பின்னரே கையொப்பம் இட்டோம்.

பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரிலிருந்து வந்தவை. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். யாழ்ப்பாணத்தில் தாத்தாவையும் பேரன் என்றே சொல்லும் வழக்கம் இருப்பதால், பெயர் இரு பக்கமும் போய் வருகிறது. எங்கள் குடும்பத்தில் ஆண்களின் பெயர்கள் மகன்மாருக்கும் மகள்மாருக்கும் தந்தை பெயராக முன்னால் நின்று, ஒரு தலைமுறைக்காவது தாமாகவே தொடர்கின்றன. பெண்ணின் பெயருக்கு அந்த வழி இல்லை. இன்னொரு பெண்பிள்ளைக்கு முழுப்பெயராக வைத்தால்தான் அது தொடரும்.

பழைய பெயர் கொழும்புக்கு ஒத்துவராது என்றும் ஒருவர் சொன்னார். 1932இல் கொழும்பு வடக்கிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவான தமிழ்ப் பெண்மணியின் பெயர் நேசம். நேசம் சரவணமுத்து என்ற அந்தப் பெயரை இந்த நகரம் தாராளமாக உச்சரித்திருக்கிறது. என் அலுவலகத்துச் சிங்களத் தோழிகளுக்கும் 'நாயகி' சிரமமாக இல்லை. தலைவி என்ற பொருளில் நாயிகா அவர்கள் மொழியிலும் உள்ள சொல். நட்சத்திர எழுத்துக்குப் பொருந்தவில்லை என்ற மாமியின் மனக்குறைக்கு, சாதகத்தில் வேறொரு பெயரை எழுதிக்கொண்டோம்.

உண்மையான தடை அம்மாவிடமிருந்து வந்தது. பெயரைச் சொன்னதும் அவர் கண்கலங்கி, "அம்மான்ர பேரைச் சொல்லி நான் எப்பிடிப் பிள்ளையைக் கூப்பிடுறது?" என்று கேட்டார். பெற்றவளின் பெயரை வாயால் சொல்வது மரியாதையல்ல என்று வளர்ந்தவர் அவர். நான் வற்புறுத்தவில்லை. பெயர் வைத்த பின்னும் குஞ்சு, நாச்சியார், பிள்ளை என்றே கூப்பிட்டு வந்தார்.

போன வெள்ளிக்கிழமை காலையில் அம்மா குளியலறையில் பலகை போட்டு அமர்ந்து, கால்களை நீட்டி, பிள்ளையைக் கணைக்கால்களின் மேல் கிடத்தி, நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் துவாயோடு கதவருகில் நின்றேன். நெற்றியிலிருந்து எண்ணெய் வழியத் தொடங்கியதும், அவர் உள்ளங்கையால் அதைத் தடுத்து, "தையல்நாயகி, கண்ணை மூடு குஞ்சு, எண்ணெய் போகப்போகுது" என்றார்.