ஒரே வீட்டில் இரண்டு விதக் கடவுச்சீட்டு, ஒரேயொரு லவுஞ்ச் அட்டை

லண்டனில் இருக்கும் மூத்த அக்காவுக்கு 60ஆவது பிறந்தநாள். ஹரோவில் மண்டபம் எடுத்து, 2025 டிசம்பர் விடுமுறையில் கொண்டாடுவதாகக் கோடையிலேயே சொல்லிவிட்டார்கள். நாங்கள் சூரிச்சில் இருக்கிறோம். பறக்கும் நேரம் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் பாரிஸுக்கோ பெர்லினுக்கோ போவதுபோல அடையாள அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட ஏலாது. எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வலயமான ஷெங்கனுக்குள் பிரித்தானியா இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தும் வெளியேறிவிட்டது. எங்கள் வீட்டில் நானும் மனைவியும் பிள்ளைகளும் சுவிஸ் குடிமக்கள். அம்மா இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டோடு, கையில் C எனப்படும் நிரந்தர வதிவிட அட்டையோடு இருக்கிறார். சுவிஸ் குடியுரிமைக்கு இங்கே டொச் (ஜெர்மன்) மொழியில் பேச B1 என்ற நடுநிலையும், எழுத A2 என்ற ஆரம்ப நிலையும் வேண்டும். எண்பது வயதில் அந்தச் சோதனைக்கு இருப்பதற்கு அம்மாவுக்கு விருப்பமில்லை. எங்களுக்கும் அவரை வற்புறுத்த மனமில்லை.

எங்களைப் போன்ற கலப்புக் குடும்பங்கள் ஐரோப்பாவில் நிறைய. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகளுடையதைப் பார்த்தோம். 2021 ஒக்டோபர் 1 முதல் பிரித்தானியா ஐரோப்பிய அடையாள அட்டைகளை ஏற்பதில்லை. அங்கே வதிவிட உரிமை உள்ள சிலருக்கு மட்டும்தான் விலக்கு. மகளுக்கு 8 வயது. இவ்வளவு காலமும் அடையாள அட்டையிலேயே ஊர் சுற்றியவளுக்கு இப்போது கடவுச்சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. கன்டோன் (மாநில) கடவுச்சீட்டு அலுவலகத்தில் நேரம் எடுத்துப் போனால் படத்தையும் அங்கேயே எடுத்துவிடுவார்கள். சிறுவர்களுக்கு 60 பிராங், தபால் செலவு வேறாக. 5 வருடம் செல்லும். 12 வயதுக்குக் கீழ் என்பதால் கைரேகை கேட்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அடுத்தது ஈ.டி.ஏ என்கிற மின்னணுப் பயண அனுமதி. 2025 ஏப்ரல் 2 முதல் ஐரோப்பியர்களுக்கும் கட்டாயம், சுவிஸ்காரருக்கும்தான். அயர்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும் தேவையில்லை. நாங்கள் எடுத்தபோது தலைக்கு 16 பவுண்ஸ். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். பிரித்தானிய அரசின் செயலியைத் தொலைபேசியில் இறக்கி, கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் படம் பிடித்து, சிப்பின் மேல் தொலைபேசியை வைத்து, முகத்தையும் காட்டினால் வேலை முடிந்தது. மகளுக்கு முகத்தை ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. இணையத்தில் தேடினால் அரசுத் தளத்துக்கு மேலேயே அதைப்போல வேடம் போட்ட தளங்கள் வந்து நிற்கும். அதே அனுமதிக்கு மூன்று நாலு மடங்கு கேட்பார்கள். செயலியிலேயே செய்துவிடுவது நல்லது.

அனுமதி 2 வருடம் செல்லுபடியாகும், பலமுறை போய்வரலாம். ஆனால் அது ஆளோடு அல்ல, கடவுச்சீட்டு இலக்கத்தோடு ஒட்டியது. மகன் மே மாதம் பாடசாலைச் சுற்றுலாவுக்காக ஈ.டி.ஏ எடுத்திருந்தான். இலையுதிர்காலத்தில் அவனுடைய கடவுச்சீட்டு முடிந்து புதியது வந்தது. பழைய அனுமதியும் பழைய கடவுச்சீட்டோடு போய்விட்டது. "இரண்டு வருடம் என்றுதானே சொன்னார்கள்?" என்று அவன் வாதாடினான். சொன்னார்கள்தான், "அல்லது கடவுச்சீட்டு முடியும் வரை" என்றும் சேர்த்தே சொன்னார்கள். இன்னொரு 16 பவுண்ஸ்.

அம்மாவுடைய கதை வேறு. C அட்டை கையில் இருந்தால் ஷெங்கன் நாடுகளுக்குள் 180 நாளில் 90 நாள் விசா இல்லாமல் போய்வரலாம். அந்தப் பழக்கத்தில் பலர் லண்டனுக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஈ.டி.ஏ கிடையாது, முறையான விசிட்டர் விசாதான். அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். ஆறு மாத விசாவுக்கு அப்போது 127 பவுண்ஸ். அதோடு கைரேகை கொடுக்க விண்ணப்ப நிலையத்துக்கு நேரில் போகவேண்டும்.

விண்ணப்பப் படிவம் நீளமானது. யார் செலவு பார்க்கிறார்கள், எங்கே தங்குகிறார், மாதம் என்ன வருமானம், கடந்த 10 வருடத்தில் எந்தெந்த நாட்டுக்குப் போனார் என்று கேட்டுக்கொண்டே போகும். அம்மாவுடைய பழைய கடவுச்சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்துப் பதிந்தோம். ஒவ்வொரு முத்திரைக்கும் அம்மாவிடம் ஒரு கதை இருந்தது. அதுதான் நேரத்தைத் தின்றது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போனது, சித்தப்பாவின் செத்தவீட்டுக்கு அவசரமாக ஓடியது என்று எல்லாம் வந்து முடியும்போது இரவாகிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் (அல்லது வேல்ஸ் மொழியில்) இல்லாத பத்திரங்களுக்கு அத்தாட்சியுள்ள மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். அம்மாவின் ஓய்வூதியக் கடிதமும் வீட்டு ஒப்பந்தமும் டொச் மொழியில் இருந்தன. இரண்டையும் ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தோம். அந்தச் செலவு விசாக் கட்டணத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. வங்கிக் கூற்றை மட்டும் வங்கியே ஆங்கிலத்தில் தந்தது, கேட்டால் தருவார்கள். அக்கா தன் பக்கத்தில் அழைப்புக் கடிதமும் கடவுச்சீட்டுப் பிரதியும் அனுப்பினார். பிரித்தானியாவுக்கு வெளியே இருந்து விண்ணப்பிப்பவர்களுக்குச் சாதாரணமாக மூன்று வாரம் என்கிறார்கள். எங்களுக்கும் அதற்குள் வந்துவிட்டது.

சரி, லவுஞ்ச், அதாவது விமான நிலையத்தில் சாப்பாட்டோடு இருந்து ஆறும் தனி மண்டபம், அந்த விஷயத்துக்கு வருவோம். மனைவியின் கிரெடிட் கார்டோடு பிராயோரிட்டி பாஸ் என்ற லவுஞ்ச் அட்டை வருகிறது. அவரோடு இன்னொருவர் இலவசம், அதற்கு மேல் வருகிறவர்களுக்குக் காசு. இந்த வகை அட்டையில் ஒரு வசதி, எந்த விமானத்தில் போகிறோம், எந்த வகுப்பு என்பது பெரும்பாலும் முக்கியமில்லை. அன்றைய போர்டிங் பாஸும் அட்டையும் ஒரே பெயரில் இருந்தால் போதும். விமானக் கூட்டணி அட்டைகள் அப்படியில்லை. மச்சான் ஸ்டார் அலயன்ஸ் என்ற விமானக் கூட்டணியின் கோல்ட் அட்டை வைத்திருக்கிறார். எக்கொனமியில் பறந்தாலும் அவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் லவுஞ்ச் உண்டு. ஆனால் அன்றைக்குப் பறப்பது அந்தக் கூட்டணி விமானமாக இருக்கவேண்டும். இந்த முறை அவர் மலிவு விமானத்தில் ரிக்கற் போட்டிருந்தார். தங்க அட்டை பேர்ஸுக்குள்ளேயே இருந்தது.

எங்களில் ஐந்து பேர். மனைவியும் இன்னொருவரும் இலவசம் என்றால் மிச்சம் மூன்று பேர். அதில் மகன் முழு ஆள் கணக்கு, மகளுக்கு எப்படி என்பது லவுஞ்சுக்கு லவுஞ்ச் மாறும். கூட்டிப் பார்த்தபோது 100 பிராங்கைத் தொட்டது. இரண்டு குரோசோனுக்கும் ஒரு கோப்பிக்கும் இது அநியாயம் என்பது என் கட்சி. கடைசியில் மனைவியும் அம்மாவும் உள்ளே, நானும் பிள்ளைகளும் வெளியே என்று முடிவானது. அட்டை மனைவியின் பெயரில் என்பதால் அம்மாவை நான் கூட்டிப்போக வழியும் இல்லை. அட்டைக்காரர் நேரில் நிற்க வேண்டும், அட்டையைக் கொடுத்தனுப்ப முடியாது.

அட்டை எங்களை உள்ளே விடுமா என்பதைவிட, லவுஞ்ச் கடவுச்சீட்டுச் சோதனைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத்தான் ஐரோப்பிய விமான நிலையங்களில் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒரே நிலையத்துக்குள் ஷெங்கன் பகுதி, ஷெங்கனுக்கு வெளிப்பகுதி என்று இரண்டு உலகம். ஆம்ஸ்டர்டாமிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் ஒரே நிறுவனத்தின் லவுஞ்சுகளே இரண்டு பக்கமும் இருக்கும். கடவுச்சீட்டுச் சோதனைக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் இந்தப் பக்கத்து லவுஞ்சுக்குத் திரும்பி வருவது நாட்டுக்குள் மறுபடி நுழைவதற்குச் சமம். சூரிச்சில் பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் எல்லோரும் நடுவில் உள்ள ஒரே மண்டபத்துக்குத்தான் வருவோம். A, B வாசல்கள் ஷெங்கனுக்கு. D, E வாசல்களுக்குப் போக அங்கிருந்து கடவுச்சீட்டுச் சோதனை. E என்றால் அதற்குப் பிறகு நிலத்தடி ரயிலும் ஏறவேண்டும். எங்கள் அட்டை செல்லும் லவுஞ்ச் நடு மண்டபத்தில். எங்கள் வாசல் E. அப்படியென்றால் லவுஞ்சிலிருந்து எழும்ப வேண்டிய நேரம் போர்டிங் நேரமில்லை, அதிலிருந்து முக்கால் மணித்தியாலம் முந்தி. விடுமுறைக் கூட்டத்தில் அதுவும் சும்மா கணக்குத்தான்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தோம். ஐரோப்பிய விதிப்படி அது இலவசம், 48 மணித்தியாலத்துக்கு முன் சொல்லிவைக்க வேண்டும். செக்-இன் மேசையில் இருந்த பெண் எங்கள் நால்வரின் கடவுச்சீட்டையும் வாசிப்பானில் வைத்தார், ஈ.டி.ஏ இருக்கிறது என்று திரையே சொல்லிவிட்டது. அம்மாவுடையதைக் கையில் எடுத்து விசாவைப் பார்த்தார், C அட்டையைக் கேட்டார், அதன் முடிவுத் திகதியை இரண்டு தரம் பார்த்தார். திரும்பி வரும்போது சுவிஸுக்குள் விட அந்த அட்டைதான் வேண்டும். அது முடிந்திருந்தால் இங்கேயே சிக்கல் தொடங்கும்.

நாற்காலி தள்ளி வந்த தம்பி, "லவுஞ்சில் விடுகிறேன், எத்தனை மணிக்கு வந்து எடுக்க?" என்று கேட்டார். இதைக் கேட்காமல் நேரே வாசலில் கொண்டுபோய் இருத்திவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே நேரத்தை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். உள்ளே அம்மா பிர்ச்சர் மூஸ்லியை ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு "உது பிள்ளைக்குக் குடுக்கிற கஞ்சியெல்லோ" என்று ஓரமாக வைத்தாராம். பிறகு வெறும் தேத்தண்ணியும் பாணும் பட்டரும். பேரப்பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள் என்று அதுவும் முழுதாக இறங்கவில்லை என்று மனைவி செய்தி அனுப்பினாள். நாங்கள் மூவரும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்து, வீட்டில் கட்டி வந்த மீன் ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

(ரோல்ஸ் எல்லாம் விமானம் ஏறுமுன்னே முடித்தாயிற்று. அக்கா கேட்டிருந்த சுவிஸ் சீஸைக் கொண்டுபோகவில்லை. 2025 ஏப்ரலில் இருந்து பாற்பொருளும் ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் ஐரோப்பாவிலிருந்து பிரித்தானியாவுக்குள் கொண்டுபோகத் தடை. சொக்லேட்டுக்குத் தடையில்லை.)

E வாசலுக்குப் போகும் ரயிலில் சுரங்கத்துக்குள் மாடு கத்தும், மணி கேட்கும். மகளுக்கு அதுதான் அன்றைய நாளின் உச்சம். ஹீத்ரோவில் கடவுச்சீட்டு பார்க்கும் தானியங்கிக் கதவு அப்போது 10 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். மகள் சிறியவள், அம்மாவுக்கு விசா. ஆக நாங்கள் எல்லோரும் அதிகாரி இருக்கும் வரிசைக்கே போனோம். அம்மாவிடம் "யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டார், நான் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்.

திரும்பும்போது ஹீத்ரோவில் நிலைமை தலைகீழ். பிரித்தானியாவை விட்டு வெளியேறுபவர்களுக்கு அங்கே குடிவரவுச் சோதனை மேசை கிடையாது. பத்திரங்களை விமான நிறுவனமே பார்க்கிறது. பாதுகாப்புச் சோதனை தாண்டிவிட்டால் அந்த முனையத்தில் எந்த லவுஞ்சுக்கும் கோட்டுக் கவலையில்லாமல் போகலாம். ஆனால் எங்கள் அட்டைக்குரிய லவுஞ்சின் வாசலில் "இப்போது அட்டைக்காரருக்கு இடமில்லை" என்று பலகை. விதியிலும் அப்படித்தான் இருக்கிறது, இடமிருந்தால் மட்டுமே அனுமதி. சிறிய தொகை கட்டி முன்பதிவு செய்தவர்கள் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். விடுமுறைக் காலத்தில் வயதானவர்களோடு போகிறவர்கள் அந்தத் தொகையைக் கட்டிவிடலாம் என்றுதான் சொல்வேன். அம்மாவுக்கு மட்டும் பெரிய நிம்மதி. எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

சூரிச்சில் இறங்கியபோது ஈ.ஈ.எஸ் என்ற, ஷெங்கனுக்குள் வருவதையும் போவதையும் பதியும் புதிய முறை நடந்துகொண்டிருந்தது. 2025 ஒக்டோபர் 12இல் ஐரோப்பா முழுக்கப் படிப்படியாகத் தொடங்கி, நவம்பர் நடுப்பகுதியில் சூரிச்சுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தையோ ஷெங்கன் நாடுகளையோ சேராத சுற்றுலாப் பயணிகளின் நாலு விரல் ரேகையும் முகப்படமும் எடுத்து, முத்திரைக்குப் பதிலாகக் கணினியில் பதிகிறார்கள். வதிவிட அட்டை உள்ளவர்களுக்கு இது இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டின் மேலட்டையை மட்டும் பார்த்தால் அம்மாவிடம் வதிவிட அட்டை இருப்பது யாருக்கும் தெரியாது. அதனால் C அட்டையைக் கடவுச்சீட்டுக்கு மேலே தெரியும்படி பிடிக்கச் சொல்லியிருந்தேன். அதிகாரி இரண்டையும் வாங்கிப் பார்த்து, சுவிஸ் வழக்கில் வணக்கமாக "குரூட்சி" என்றார், அம்மாவும் "குரூட்சி" என்றார்.

2026 கோடையில் அக்கா குடும்பம் இங்கே வருகிறது. இனி அவர்களுடைய முறை. பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஈ.ஈ.எஸ்ஸில் பதியவேண்டும், ஒருமுறை பதிந்தால் 3 வருடம். ஈ.டி.ஏ போல ஷெங்கனுக்கான ஈற்றியாஸ் என்ற 20 யூரோ அனுமதி 2026 கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள், கோடைக்கு அது தேவைப்படாது. ஆனால் கடவுச்சீட்டு எடுத்த திகதியைப் பார்க்கச் சொல்லி அக்காவுக்கு எழுதினேன். ஷெங்கனுக்குள் நுழையும் நாளில் அது 10 வருடத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும், வெளியேறிய பிறகும் 3 மாதம் மிச்சமிருக்க வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் புதுப்பித்தவர்களுக்குப் பழையதில் மிஞ்சிய மாதங்களையும் கூட்டிக் கொடுத்தார்கள். அதனால் முடிவுத் திகதி இன்னும் வராமலே அந்தப் 10 வருடம் கடந்துபோயிருக்கலாம். அத்தானுடையது 2016 ஜூனில் எடுத்தது, முடிவு 2027 பெப்ரவரி என்று போட்டிருக்கிறது. இப்போதே புதுப்பிக்கக் கொடுத்துவிட்டார்.