நாட்காட்டியில் குறித்த ஒன்பது அழைப்புகள்

திருகோணமலை பேருந்து நிலையத்துக்கு அருகில் நான் நடத்தும் கடையை ஊரார் இன்றும் 'கொமினிகேசன்' என்றே சொல்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுடன் பேசுவதற்காகப் பலகைக் கூண்டின் முன் வரிசையில் காத்திருந்த காலத்தின் பெயர் அது. இப்போது நடப்பது ரீலோட்டும் போட்டோக்கொப்பியும்தான். தொலைபேசி உயிரைக் காக்கும் என்று யாராவது சொன்னால், மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு அது எளிதில் மனதில் ஏறுவதில்லை. கிழமைக் கடன் தவணை பிந்திய பெண்கள், அழைப்பு வந்ததும் திரையைப் பார்த்துவிட்டு ஒலியை அடக்கிக் கைப்பைக்குள் போடுவதை நான் நாளும் பார்க்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், கடற்றொழில் செய்யும் என் சித்தியின் மகன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, காப்பாற்றப்பட்டு, ஒரு கிழமை வைத்தியசாலையில் இருந்துவிட்டு வீடு திரும்பினான். கையில் ஒரு கிளினிக் அட்டை. அதில் ஒரு மாதம் கழித்து ஒரு திகதி. படிவத்தில் அவனுடைய தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வாங்கியிருந்தார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் அந்த இலக்கத்துக்கு வைத்தியசாலையிலிருந்து யாரும் அழைக்கவில்லை. இலக்கம் இருந்தது, தொலைபேசி இருந்தது, அழைப்பது யாருடைய வேலை என்பது மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்த நாட்களில் தேடி வாசித்தவற்றுள் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2008இல் வெளியான ஓர் ஆய்வு என்னைப் பிடித்துக்கொண்டது. உயிர்மாய்ப்பு முயற்சிக்குப் பின் வைத்தியசாலைக்கு வந்த 1,867 பேரை ஐந்து நாடுகளில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். சென்னையும் கொழும்பும் அந்த இடங்களில் அடக்கம். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதனுடன், வீடு திரும்பும் வேளையில் ஒரு மணி நேரப் பேச்சு, பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ ஒரு விசாரிப்பு. அவ்வளவுதான். முதல் பிரிவில் 18 பேர் உயிர்மாய்ப்பினால் இறந்திருந்தார்கள்; விசாரிக்கப்பட்டவர்களில் இருவர்.

இதற்கும் வெகு முன்னரே, அமெரிக்காவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், தொடர் சிகிச்சையை ஏற்காத 843 பேரில் ஒரு பகுதியினருக்குச் சிறு கடிதங்களை அனுப்பிவந்தார். அறிவுரை எதுவும் இல்லாத, உங்களை மறக்கவில்லை என்பதை மட்டும் தெரிவிக்கும் சில வரிகள். முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. தபால்தலை ஒட்டிய கடிதமும் ஒரு தொடர்பாடல் தொழில்நுட்பம்தானே.

உலக சுகாதார நிறுவன ஆய்வில் இருந்த கால அட்டவணையை அப்படியே எடுத்து, சித்தியின் மகனை அழைப்பதற்காகக் கடை நாட்காட்டியில் குறித்தேன்: 1, 2, 4, 7, 11ஆம் கிழமைகள்; பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்கள். நான் வைத்தியனல்லன். அதனால் கிளினிக்கைத் தவறவிடாதே என்பதையும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். இரண்டாவது அழைப்பில், நெஞ்சு படபடக்க, "தம்பி, திரும்பவும் அந்த நினைப்பு வருதோ?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பதனால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதை வாசித்து அறிந்திருந்தும், கேட்பதற்கு முன் இரண்டு முறை அழைப்பைத் துண்டித்திருக்கிறேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. "இரவில வரும் அண்ணா. விடிஞ்சாப் போயிடும்" என்றான். அன்றுதான் 1926 என்ற இலக்கத்தை அவனுடைய தொலைபேசியில் பதியச் சொன்னேன். தேசிய மனநல நிறுவகத்தின் அந்த இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

உதவி இலக்கங்களின் குறை, அவை அழைப்புக்காகக் காத்திருப்பவை என்பதே. ஒரே கைத்தொலைபேசியை நான்கு பேர் பயன்படுத்தும் வீட்டில், மற்றவர்கள் உறங்கிக் கிடக்கையில், முன்பின் அறியாத ஒருவரிடம் வாய் திறப்பது சிறிய காரியமன்று. பதிவுகளைப் பார்த்து ஆபத்தை உணரும் செயற்கை நுண்ணறிவைப் பேஸ்புக் 2017இல் அறிவித்தது. எங்கள் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழில் "இனி நிம்மதியா படுக்கப் போறன்" என்பது களைப்பா விடைபெறலா என்பதை அவர்களுடைய அம்மாவால்கூட உடனே சொல்ல முடியாது; இயந்திரத்தை நான் அவ்வளவாக நம்பவில்லை.

நேர்மையாகச் சொன்னால், 1995ஆம் ஆண்டளவில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்றிருந்த இலங்கையின் உயிர்மாய்ப்பு வீதம் பின்னர் பெருமளவு குறைந்ததில் கைத்தொலைபேசிக்குப் பெரிய பங்கில்லை. கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததே முதன்மையான காரணம். தொலைபேசி தீங்கும் செய்கிறது. 'தவறான முடிவெடுத்து' என்ற தலைப்புடன் இறந்தவரின் படமும் வீட்டு முற்றமும் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. என் தம்பியின் படமும் அப்படி வந்திருக்கும். அந்தக் குழுக்களிலிருந்து விலகிவிட்டேன். உறவினர் சிலருக்கு அதில் மனவருத்தம்.

பதினெட்டாம் மாதமும் கடந்துவிட்டது. நாட்காட்டியில் குறிப்பு இல்லாமலே ஞாயிறு மாலைகளில் அழைக்கிறேன். சென்ற கிழமைப் பேச்சு ஒரு நிமிடமும் நாற்பது வினாடியும் நீடித்தது. அதில் பெரும்பகுதி கீரி மீனின் விலையைப் பற்றியது.