டப்பா மேல இருக்கிற கலரை நம்பாதீங்க

பைன் பலகைல ஒரு புக் ஷெல்ஃப் செஞ்சு டார்க் வால்நட் கலர்ல ஸ்டெயின் (மரத்துக்குக் கலர் ஏத்துற திரவம்) அடிச்சேன், டப்பா மேல படத்துல அவ்ளோ அழகா இருந்துச்சு, எனக்கு வந்தது என்னவோ பலகைல டிகாஷனைக் கொட்டின மாதிரி, ஒரு இடம் கருப்பு அதுக்குப் பக்கத்துலயே வெளுப்பு. ஸ்டெயின் மேல தப்பே இல்ல. பைன் எல்லா இடத்துலயும் ஒரே அளவு உறிஞ்சாது, அதான் விஷயம்.

பெயின்ட் மரத்தை மூடிடும், ஸ்டெயின் உள்ள இறங்கி ரேகையைக் காட்டும், அதனால பாதி கலர் மரத்தோடதுதான். அதே டப்பா தேக்குல ஒரு கலர், பைன்ல வேற கலர். மிச்சமான துண்டு ஒண்ணுல டப்பாவை அடிவரைக்கும் நல்லா கலக்கி (கலர் பொடி அடில உக்காந்திருக்கும்) அடிச்சு, மேல வார்னிஷும் ஒரு கோட் குடுத்து, சாமான் வைக்கப்போற ரூம்லயே வெச்சுப் பாருங்க, பகல்ல ஒரு தடவை, லைட் போட்டு ஒரு தடவை. வார்னிஷ் ஏறினா கலர் இன்னும் அழுத்தமாயிடும். வார்னிஷ் போடாம விட்டுடவும் முடியாது, ஸ்டெயின் வெறும் கலர்தான், தண்ணி கறைல இருந்து காப்பாத்துறது மேல போடுற கோட்டுதான்.

ஆயில் ஸ்டெயின் மெதுவா காயும், பெரிய டேபிள்னா நிதானமா துடைச்சு எடுக்கலாம், ஆனா வாசனை போக நாளாகும். ஆள் உக்காந்து வேலை பாக்கிற ஆபீஸ்னா என் ஓட்டு தண்ணி கலந்த (water-based) ஸ்டெயினுக்குத்தான். என்ன, தண்ணி பட்டதும் நார் எழும்பி சொரசொரன்னு ஆயிடும், அதனால முன்னாடியே ஈரத்துணியால துடைச்சு காயவிட்டு 220 நம்பர் உப்புத்தாள்ல லேசா ஒரு தேய்ப்பு. வழவழப்பு வேணும்னு 400 வரைக்கும் போயிடாதீங்க, அப்புறம் ஸ்டெயின் சரியா பிடிக்காது.

மைக்கா ஒட்டின டேபிளுக்கு இதெல்லாம் ஆகாது, உறிஞ்ச அங்க மரமே வெளிய இல்லையே.

என் ஷெல்ஃபை மொத்தமா தேய்ச்சு எடுத்துட்டு ஜெல் ஸ்டெயின் போட்டேன், அது கெட்டியா இருக்கறதால ரொம்ப உள்ள போகாம மேலாப்புலயே நிக்கும், திட்டு குறைஞ்சிடுச்சு.

ஆயில் ஸ்டெயின் துடைச்ச துணியை மட்டும் சுருட்டி மூலைல போட்டுடாதீங்க, எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டின துணிக்குள்ள சூடு வெளிய போக வழியில்லாம தானாவே தீப்பிடிக்கும். நான் ஒவ்வொண்ணா வெளிய விரிச்சுப் போட்டுட்டுதான் கையே கழுவுறது.