லேனுக்குள் இறங்கமுன்

முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் செபம் ஒரே வரிதான்: "ஆண்டவரே, இண்டைக்கும் என்னைப் பத்திரமாய் வீட்டை கொண்டுவந்து சேரும்." அதில் பொய் ஒன்றும் இல்லை, பயந்தவள் வேறென்ன கேட்பாள்? ஆனால் அது காப்புக் கட்டுவது. கடவுளைத் தேடுவது வேறு.

போர் முன்னரங்கு வருடக்கணக்காய் நின்ற மண் அது. இரண்டு பக்கமும் புதைத்தது. முகக்கவசமும் பாரமான அங்கியுமாய், லேன் என்று ஆளுக்கொன்றாய்ப் பிரித்த ஒடுங்கின துண்டில் முழங்காலில் இருந்து, உலோகம் தேடும் கருவி சத்தம் போட்ட இடத்துக்குச் சற்று முன்னிருந்தே பக்கவாட்டாய் மெல்லச் சுரண்டிக்கொண்டு போகவேண்டும். பெரும்பாலும் வருவது துருப்பிடித்த ஆணி, ரவைக்கோது, மீன்ரின் தகரம். எப்போதாவது உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்ரிக் மிதிவெடி. அதில் உலோகம் மிகக் கொஞ்சம் என்பதால் கருவி முனகுவதோடு சரி.

காலைக் கூட்டத்துக்குச் சைவ ஆட்கள் திருநீறு பூசியே வருவார்கள். நாங்கள் சிலுவை அடையாளம் போடுவோம். சுப்பவைசர் அண்ணை சொல்வார்: "கும்பிடுறதைக் கும்பிடுங்கோ, கவசத்தை முகத்துக்கு இறக்கிப்போட்டு உள்ளுக்குப் போங்கோ." பிரசங்கங்களில்கூட இவ்வளவு தெளிவை நான் அதிகம் கேட்டதில்லை.

ஒருநாள் தேத்தண்ணி நேரம் கூட வேலை செய்யும் அக்கா ஒருவர், 2009 இல் மகனைத் தொலைத்தவர், "நான் செபத்தை விட்டிட்டன் தங்கச்சி. அவரிலை கோவம்" என்றார்.

"அதையே அவரிட்டைச் சொல்லுங்கோவன்."

"சொல்லலாமே?"

சொல்லலாம். விவிலியத்தில் திருப்பாடல் 13 'எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர்' என்றுதான் தொடங்குகிறது. அது என்றாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88 ஆவது இருட்டிலேயே முடிகிறது, ஒரு ஆறுதல் வரி இல்லை. அதைத்தான் திருச்சபை வெள்ளிக்கிழமை இரவுச் செபத்துக்கு வைத்திருக்கிறது.

நானும் இப்போது அப்படித்தான். விடியமுன் குசினியில் தண்ணி கொதிக்கும்வரை உள்ளதைச் சொல்வேன்: சம்பளக் கவலை, பக்கத்து லேன்காரியில் எரிச்சல். சில நாள் "நீர் கேக்கிறீரோ தெரியேல்லை" என்பதோடு நின்றுவிடும். கேட்கும் முன்பே தந்தைக்குத் தெரியும் என்று மத்தேயுவில் இயேசு சொல்கிறாரே, பிறகு ஏன் சொல்லவேண்டும் என்று யோசித்ததுண்டு. அவருக்குத் தெரியும்தான். ஆனால் காணாமல் போன அண்ணனுக்காக அழுது மன்றாடிக்கொண்டிருந்த எனக்கு, எங்களை விட்டுப் போனதற்காக அந்த அண்ணனிலேயே கோபம் இருக்கிறது என்று ஒரு விடியற்காலை வாய்விட்டுச் சொல்லும்வரை தெரியாது. அதற்குப் பிறகுதான் அண்ணனுக்காக நான் கேட்பது செபம் மாதிரி இருக்கிறது.

அந்த அக்கா ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போய்வந்தார். 2008 சித்திரையில் சண்டை நெருங்கி மாதாவின் சுரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகவேண்டி வந்தது எல்லாருக்கும் தெரியும். "அதைத்தான் கேட்டன். நீங்களே இடம்பெயர்ந்தனீங்கள், என்ரை பிள்ளையை எப்பிடிக் காப்பாத்தியிருப்பியள் எண்டு. நல்லாய்ச் சண்டை பிடிச்சன்" என்றார்.

அடுத்த ஆவணிக்கும் போகிறாராம். சொல்லவேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறதாம்.