6240 ரூபா ராயல்டி

போன வாரம் நான் எழுதுன புக்குக்கு ராயல்டி கணக்கு வந்துச்சு. 200 ரூபா புக்கு, 10 பர்சன்ட், வருஷம் முழுக்க 312 காப்பி, ஆக மொத்தம் 6240 ரூபா, அதுவும் ஜனவரி புக் ஃபேர்ல வித்ததுக்கு ஆகஸ்ட்ல தான் காசு கைக்கு வருது. இன்கம் டாக்ஸ் பழைய ரெஜிம்ல ஒரு சலுகை இருக்கு, புக் ராயல்டிக்கு 3 லட்சம் வரைக்கும் வருமானத்துல கழிவாம். எனக்கா? சிரிச்சுட்டேன்.

சோறு போடுறது மொழிபெயர்ப்பு வேலைதாங்க. அதுல டிடிஎஸ் (காசு குடுக்குறவங்க முன்னாடியே புடிக்கிற வரி) புடிச்சா இன்கம் டாக்ஸ்ல நம்ம பேர்ல இருக்குற வரிக் கணக்குல ஏறியிருக்கானு உடனே பாத்துடுங்க, ஒரு இடத்துல என் பேன் நம்பர்ல ஒரே ஒரு எழுத்த மாத்திப் போட்டுட்டாங்க, அத திருத்த வைக்க நாலு மாசம் நாயா அலைஞ்சேன். இப்பல்லாம் இன்வாய்ஸ்லயே பேன் நம்பர பெருசா போல்டுல போட்டுடறேன்.