இரண்டு மாத்திரை கேட்ட அக்காவுக்கு

நாமக்கல் பக்கம் விடுதியில் தங்கி பிளஸ் டூ படிக்கும் தன் மகளுக்கு, கவனக்குறைபாட்டுக்காக (ADHD) என் பையன் சாப்பிடும் மாத்திரையில் இரண்டு மட்டும் கேட்டார் ஒன்றுவிட்ட அக்கா. முடியாது என்றேன். அவருக்கு வருத்தம்தான். போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என்னிடமும் வகுப்பு ஆசிரியையிடமும் தனித்தனியாகக் கேள்வித்தாள் நிரப்பி வாங்கி, எடை, உயரம், நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, குடும்பத்தில் யாருக்காவது இளவயதிலேயே இதயக் கோளாறு உண்டா என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் கோயம்புத்தூர் மருத்துவர் அவனுக்கு மெத்தில்பெனிடேட் என்ற இந்த மாத்திரையை எழுதினார்.

பலன் கண்கூடு. கழித்தல் கணக்கில் கடன் வாங்கியதை மறந்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிற பிள்ளை, இப்போது மேலே பொடி எழுத்தில் அதைக் குறித்துவைத்து, கடைசி வரி வரை போட்டு, அடியில் கோடும் இழுக்கிறான். "நானே முடித்தேன் அம்மா" என்று அவன் நோட்டை நீட்டும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனால் பசி போய்விடுகிறது. அவன் உயிரை விடும் அரிசியும் பருப்பும் சாதம்கூட மதியம் டப்பாவோடு அப்படியே திரும்பி வரும். அதனால் காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் கொடுத்துவிடுகிறேன். ராத்திரி பசி எடுக்கும்போது மறுபடி தோசை. சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்குகையில் தொட்டதற்கெல்லாம் அழுகிறான். நேரம் தப்பிக் கொடுத்தால் தூக்கமும் போச்சு. வளர்த்தி சற்றுக் குறையலாம் என்பதால் போகும்போதெல்லாம் உயரம் அளக்கிறார்கள்.

"குழந்தைக்குப் போதை மருந்தா கண்ணு?" என்று அப்புச்சி கலங்கினார். சட்டத்தின் கெடுபிடி உண்மைதான்: 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இந்த மருந்தும் இருக்கிறது. மருந்துக்கடைக்கு மருத்துவர் சீட்டு இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்றைக் கடையிலேயே வைத்துக்கொள்வார்கள். அளவோடு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தால் பயம் இல்லை என்று அப்புச்சியிடம் எடுத்துச் சொன்னேன்.

அக்கா, உங்கள் மகளை யாரும் அப்படிச் சோதித்துப் பார்க்கவில்லையே. தேர்வுக்குக் கண்விழிக்க இதைத் தின்றால் படபடப்பும் பதற்றமும் வரும். பழகிவிட்டால் விடுவது கடினம். விடியுமுன் எழுப்பி, நள்ளிரவு வரை படிக்கவைத்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் கவனம் நிற்கும்? முதலில் அவள் தூங்கட்டும். அதன் பிறகும் மனம் ஒட்டவில்லை என்று அவளே சொன்னால், விடுமுறையில் அழைத்து வாருங்கள். எங்கள் மருத்துவரிடம் நானே நேரம் வாங்கித் தருகிறேன். கோபியிலிருந்து பஸ் ஏறி நானும் கூட வருகிறேன்.